ஒல்லாந்தர் மரவேலையும் நம் வீட்டுப் பண்டங்களும்

நம் நகரத்தார் வீடுகளின் பூர்வீகப் பொருள்கள் பல இந்நாளிற் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருக் கடைகளில் அடுக்கிக் கிடத்தலை அன்பர் பலரும் கண்டிருப்பர். அவற்றுள் வெண்மையுங் கருமையுமாகப் பூவேலை பதித்த பெட்டியோ, பிரம்பு பின்னிய பழைய நாற்காலியோ இருப்பின், 'இது டச்சு' என்னும் ஒரு சொல்லே அதன் விலையை உயர்த்தப் போதியதாகின்றது. விற்கும் நம்மவர்க்கு அச்சொல்லின் பொருள் தெரிவதில்லை; வாங்குவார்க்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆதலின் ஒல்லாந்தரது மரப்பதிப்பு வேலையாவது யாது, நம் வீடுகளில் அப்பெயரால் வழங்குவன உண்மையில் எவருடைய கைவேலை என்பதை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுந்தாம்.

ஐரோப்பியர் 'மார்க்கெட்ரி' என்பது, மரத்தைக் குடைந்து அதனுள் வேறொன்றைப் பதிக்கும் வேலையன்று. பல நிற மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து, ஒன்றன்மேலொன்றாக வைத்து, மேலே சித்திரத்தை ஒட்டி, நூல் போன்ற வாளால் கோடு பிசகாமல் அறுப்பர். அறுத்த துண்டுகளை நிறம் மாற்றிக் கோத்து, ஒரே ஏடாக்கி, ஓக் முதலிய மரத்தாற் செய்த கூட்டின்மேல் வச்சிரம் தடவி ஒட்டுவர். இலையின் ஓரத்தில் நிழல் காட்ட வேண்டின், துண்டினைச் சுடுமணலில் தோய்த்துச் சிறிது கருக வைப்பர். பதிப்பு வேறு, இவ்வொட்டு வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வருவன விளங்கா.

இவ்வேலையிற் பெயர் பெற்றவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து யான் வான் மெக்கரென் என்பவர். 1658-ல் பிறந்து 1733-ல் மறைந்தவர். குவளையில் நிறைந்த துலிப் முதலிய மலர்களை மரத்தாலேயே வரைந்து காட்டிய அவருடைய பேழைகள் இன்றும் ஆம்ஸ்டர்டாம், இலண்டன், நியூயார்க்கு காட்சிச்சாலைகளில் உள்ளன. அவ்வழகிற்குப் பின்னாளில் உண்டான மதிப்பு ஒரு தந்திரத்தையும் உண்டாக்கிற்று. 18-ஆம் நூற்றாண்டில் வெறுமையாகச் செய்யப்பெற்ற அலமாரிகளின்மேல் 19-ஆம் நூற்றாண்டு வேலைக்காரர் புதிதாகப் பூக்களை ஒட்டி, முழுதும் பழையதென விற்றனர். ஆகவே ஒல்லாந்திலிருந்தே வந்த பொருளாயினும், உடல் ஒரு நூற்றாண்டிற்கும் உடை வேறொரு நூற்றாண்டிற்கும் உரியதாக இருத்தல் கூடும்.

இனி, ஒல்லாந்தர் நம் கரைக்கு வந்த வரலாறு. அவர்தங் கிழக்கிந்தியக் கொம்பனி 1602-ல் அமைந்தது. பழவேற்காட்டில் 1610-லும், காலியில் 1640-லும், கொழும்பில் 1656-லும் நிலைபெற்றனர். 1658-ல் தூத்துக்குடி, யாழ்ப்பாணம், நாகபட்டினம் மூன்றும் போர்த்துக்கீசரிடமிருந்து அவர் கைப்பட்டன. 1690-ல் நாகபட்டினமே சோழமண்டலக் கரைக்கு அவர்தந் தலைமையிடமாயிற்று. 1781-ல் அதனையும் 1796-ல் இலங்கையையும் ஆங்கிலேயரிடம் இழந்தனர். இவ்வளவு நீண்ட காலம் இருந்தும், வான் மெக்கரென் செய்தது போன்ற ஒட்டுவேலையை அவர் இங்கே பெரிதும் நாட்டவில்லை. காரணம் எளிது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம் நம் கரையோரத்து ஈரத்தில் இளகும், வெயிலில் உலரும், ஏடு மேலெழும்பி உதிரும். அன்றியும், ஐரோப்பாவில் விலையுயர்ந்த கருங்காலியைத் தகடாக அறுத்துச் சிக்கனம் செய்ய வேண்டியிருந்தது. இங்கோ அது முழுக் கட்டையாகவே கிடைத்தது. ஆதலின் இந்நாட்டுத் தச்சர் கருங்காலியையும் ஈட்டியையும் முழுமரமாகக் கடைந்தும் செதுக்கியும், தந்தத்தைக் குடைந்து பதித்தும், ஒல்லாந்தர் விரும்பிய வடிவங்களைத் தம் முறையிலேயே செய்து கொடுத்தனர்.

அவ்வேலையின் சிறப்பிற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டிற் சோழமண்டலக் கரையிற் செதுக்கப்பட்ட கருங்காலி நாற்காலிகள் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தன. 18-ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு அவற்றைத் தம் நாட்டு டியூடர் மன்னர் காலத்தன என்று உறுதியாக நம்பித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கி வைத்தார். தமிழும் தெலுங்கும் பேசிய தச்சன் கைவேலை, எட்டாம் ஹென்றி காலத்ததென்று பாராட்டப்பெற்றது! செய்தவன் பெயர் மட்டும் எவ்வேட்டிலும் ஏறவில்லை. இன்று நம் கடைத்தெருவில் 'டச்சு' என்று கூவுவதும் ஏறக்குறைய அதே பிழைதான் என்பது எம் கருத்து.

விசாகப்பட்டினத்து வேலை இதனின் வேறு. அங்கே தந்தத்தில் மெல்லிய கோடுகளாகக் கொடியும் பூவும் கீறி, அக்கீறல்களிற் கரிய அரக்கை நிரப்புவர். அதனைப் பெரிதும் வாங்கியவர் ஆங்கிலேயர்.

இலங்கையிற்றான் ஒல்லாந்தர் சாயல் ஆழப் பதிந்தது. ஆறு கால்களும் வட்ட இருக்கையும் உடைய பிரம்பு நாற்காலி, பித்தளைக் கட்டு இட்ட கொம்பனிப் பெட்டி, பலா, முதிரை, கருங்காலி கலந்து செய்த பேரலமாரி ஆகியன அந்நாட்டுத் தச்சர் கையில் உருவாயின. மொழியிலும் அச்சுவடு உண்டு. அலமாரியும் மேசையும் போர்த்துக்கீசர் விட்ட சொற்கள். யாழ்ப்பாணத்தார் இழுப்பறையை 'லாச்சி' என்பதும், அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பதும் ஒல்லாந்தர் விட்டவை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிற் காலியில் ஒரு புதுவேலை எழுந்தது. இலங்கை மரங்கள் பலவற்றின் சிறு துண்டுகளைக் கதிர்கள் போலவும் கட்டங்கள் போலவும் மேசைப் பரப்பிலும் பெட்டி மூடியிலும் பொருத்தினர். ஒல்லாந்தர் ஆட்சி போய் அரை நூற்றாண்டான பின்னர் ஆங்கிலேயர்க்காகச் செய்யப்பட்ட இதுவே, மார்க்கெட்ரிக்கு நம் பக்கத்தில் மிக நெருங்கிய உறவு.

நம்மவர் தொடர்பிற்கு வருவோம். கொழும்புச் செட்டியார் தெருவில் நம் முன்னோர் கடை வைத்ததும், 1852-க்குப் பின் கீழ்ப் பர்மாவில் பரவியதும், ஒல்லாந்தர் ஆண்ட சுமத்திராவில் மேடான் நகரிற் கொடுக்கல் வாங்கல் நடத்தியதும் அனைவரும் அறிந்தனவே. இவற்றுட் கொழும்பும் மேடானும் ஒல்லாந்தர் சாயல் நிறைந்த ஊர்கள். ஆயினும் நம் வளவுகளிலும் பட்டாலைகளிலும் உள்ள கட்டில், பெட்டகம், ஊஞ்சல் முதலியவற்றிற் பெரும்பாலன பர்மாத் தேக்கில், 19-ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியிலும் ஆனவை. அவற்றை ஒல்லாந்தர் தலையிற் கட்டுதல் பொருந்தாது. தம் பெயராலேயே மதிப்புப் பெறத் தக்கன அவை.

வீட்டில் ஐயமான பொருள் இருப்பின் சோதிக்க எளிய வழிகள் உள. இழுப்பறையை உருவித் திருப்பிப் பாருங்கள். அடிக்கூடு ஓக் ஆயின் ஐரோப்பாவிலிருந்து வந்ததாகலாம். தேக்கோ பலாவோ ஆயின் இப்பக்கத்து வேலையே. பூ உதிர்ந்த இடத்தில் ஏட்டின் கனத்தை நோக்குக. கைவாளால் அறுத்த பழைய ஏடு கனத்திருக்கும். பொறியால் அறுத்தது தாள் போல் மெலிந்திருக்கும். உதிர்ந்த துண்டை எறியாமற் பொதிந்து வைத்தல் வேண்டும். மெருகெண்ணெயும் ஈரத்துணியும் பழைய ஒட்டுவேலைக்குப் பகை.

1942-ல் பர்மாவினின்று நடந்தே வந்தவர்களும், 1964-க்குள் அங்குள்ள யாவும் இழந்தவர்களும் நம்முள் உளர். ஊரிலிருந்த வீட்டுச் சாமான்களே அவர்தம் அடுப்பெரியப் பல ஆண்டு உதவின. அவ்விற்பனையைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. யாம் வருந்துவது வேறு. ஒரு வீட்டிற்குப் பங்காளிகள் ஐம்பது பேராய்ப் பெருகி, வெவ்வேறு தேசங்களில் வாழ்ந்து, சாவியும் ஒருவர் கையில் இல்லாத நிலையில், பெட்டகசாலை முழுதும் மொத்த விலைக்குப் போகின்றது. எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது, எந்த ஆச்சியின் கலியாணத்திற் பரப்பிய சாமான் என்னும் செய்தி அத்தோடு அற்றுப்போகின்றது. வெள்ளிப் பாத்திரத்திலும் தலைப்பெழுத்து வெட்டி வைத்த, ஓரணா வரவையும் பேரேட்டில் ஏற்றிய நம் குலத்தில் இது நேர்வது வியப்பே. பங்கு பிரிக்குமுன் ஒவ்வொரு பொருளையும் படம்பிடித்து, வீட்டில் மூத்த ஆச்சிமார் வாய்மொழியைக் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதன் இழுப்பறைக்குள்ளேயே ஒட்டிவைக்க ஒரு பகற்பொழுது போதும்.

சட்டமும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி, நூறாண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புதல் கூடாது. தந்தம் பதித்தவற்றை இந்நாட்டினுள்ளே விற்றலும் வனவிலங்குச் சட்டத்தின் 1986, 1991-ஆம் ஆண்டுத் திருத்தங்களால் விலக்கப்பட்டுள்ளது. இவற்றை மறைத்துக் குறைந்த விலைக்குக் கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் அன்பர்கள் கதிர்காம யாத்திரையின்போது கொழும்பில் ஒரு நாள் தங்கலாம். புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதியில் 17-ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் மாளிகை ஒன்றில் 1982-ல் அமைத்த ஒல்லாந்தர் காட்சிச்சாலை உளது. திறந்திருக்கும் நாளை முன்னரே விசாரித்துக்கொள்க. 1757-ல் முற்றுப்பெற்ற வுல்பெண்டால் தேவாலயத்திலும் அக்காலத்து நாற்காலிகள் உள. நம் செட்டியார் தெருவிலிருந்து இரண்டிற்கும் நடந்தே செல்லலாம்.