முன்கண்ணாடி ரப்பர் லூஸா? சிலிக்கான் ட்யூபை முதல்ல கீழே வைங்க! - உப்புக்காத்து ஊர்ல கேரவன் ஓட்டுறவங்களுக்கு

கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வெச்சு, கையில் காபியோடு ஒரு ரீல். வேன் லைஃப்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது இதுதான். தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர், வடக்கே வேம்பார், சாயல்குடி வழியா ராமேஸ்வரம் வரைக்கும் இதுக்கான இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனா, ரீல்ல வராத காட்சி ஒன்று இருக்கு. ராத்திரி மழை பெய்யும். காலையில் டிரைவர் சீட் பக்கம் காலை வெச்சா மேட் சொதசொதன்னு இருக்கும். கூரையைத் தடவிப் பார்த்தால் காய்ஞ்சிருக்கும். எங்கிருந்து வந்தது தண்ணி?

பெரும்பாலும் முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங்கிலிருந்துதான். நம்ம ஊர்ல கேரவன் என்பது பல சமயம் பழைய வேனையோ மினி பஸ்ஸையோ வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, பேட்டரி எல்லாம் வெச்சு மாத்தின வண்டிதான். பழைய வேன், பஸ்களில் கண்ணாடியை ஒரு ரப்பர் சட்டம்தான் பிடிச்சிருக்கும். ரப்பரின் ஒரு பள்ளத்தில் கண்ணாடி, இன்னொரு பள்ளத்தில் வண்டியின் இரும்பு விளிம்பு. நடுவில் ஒரு மெல்லிய பட்டையைச் செருகி இறுக்கியிருப்பாங்க. புது வண்டிகளில் இந்த வேலையெல்லாம் இல்லை, கண்ணாடியை பாலியூரித்தேன் பசையால் நேராக இரும்போடு ஒட்டிவிடுகிறார்கள். உங்க வண்டி எந்த ரகம்னு தெரிஞ்சுக்கிட்டுதான் எதையும் தொடணும்.

பிரச்னை தண்ணி இல்ல, உப்பு!

வெயிலில் ரப்பர் வறண்டு சுருங்குவது எல்லா ஊரிலும் நடக்கும். தூத்துக்குடிக் கரையில் கூடுதலாக ஒன்று சேர்ந்துகொள்கிறது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காற்றில் வரும் உப்பு, லூஸான ரப்பருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உப்பு ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். வெளியே எல்லாம் காய்ஞ்ச பிறகும் ரப்பருக்கு உள்ளே இருக்கிற இரும்பு விளிம்பு நனைஞ்சபடியே இருக்கும். அது துருப்பிடித்துப் பொருமும். பொருமிய துரு ரப்பரை இன்னும் தூக்கும். அந்த இடைவெளியில் மறுபடி உப்பு. மேட் நனைவதை நீங்க பார்க்கிற நாளில், உள்ளே இந்த வேலை மாதக்கணக்கில் நடந்து முடிஞ்சிருக்கும்.

அதனால்தான் வெளிப்பக்கமாகச் சுற்றிலும் சிலிக்கானைப் பூசிவிடுவது மோசமான யோசனை என்கிறேன். உப்பையும் ஈரத்தையும் உள்ளே வெச்சுப் பூட்டுற வேலை அது. அதிலும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, காடி மாதிரி புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். இரும்புக்கு அது ஆகாது. அதோட, சிலிக்கான் படிந்த இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது. அடுத்து வர்ற மெக்கானிக் உங்களைத் திட்டிக்கிட்டேதான் சுரண்டுவார்.

இந்த ஊர்த் தோணிகளைப் பாருங்க. பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, பிசின் வெச்சு அடைக்கிற வேலை அது. அடைக்கிற பொருள் பலகையோடு சேர்ந்து அசையணும், இறுகிப் பாறையாகக் கூடாது. பள்ளம் மேட்டில் முறுக்கிக்கிட்டே ஓடுற நீளமான வேனுக்கும் இதே கணக்குதான்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடிங்க

கேரவனில் தண்ணி வர பல வழி இருக்கு. கூரையில் போட்ட வென்ட், சோலார் பேனல் போல்ட், வைப்பருக்குக் கீழே வேப்பிலை அடைத்த வடிகால், இவையெல்லாம் சந்தேகப் பட்டியலில் உண்டு. மழையே இல்லாத நாளிலும் ஈரமா? அப்போ ஏ.சி தண்ணி வெளியேறும் குழாயைப் பாருங்க.

கண்ணாடிதான் என்று உறுதி செய்ய ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் உள்ளே டார்ச்சோடு. இன்னொருத்தர் வெளியே ஹோஸ் பைப்போடு. தண்ணியை மெதுவாக, கீழ் ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக நிறுத்தி நிறுத்தி மேலே கொண்டுபோகணும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எங்கே நுழையுதுன்னு தெரியாது. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், நல்ல ரப்பரைக்கூட அது தூக்கிவிடும். ஓடும்போது விசில் சத்தம் வந்தால், சந்தேகமான பகுதியில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு ரவுண்டு போய் வாங்க. சத்தம் நின்றால் இடம் அதுதான்.

கண்ணாடியின் ஓரம் பால் ஊற்றினது மாதிரி வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்க. முன்கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வெச்ச லேமினேட் கண்ணாடி. ஓரத்தில் ஈரம் நின்றால் அந்தப் படலம் விட்டுப்போக ஆரம்பிக்கும். அப்படியென்றால் கசிவு இன்று நேற்று வந்தது இல்லை.

ரப்பர் வகை என்றால் நீங்களே செய்யலாம்

ரப்பர் வெடிக்காமல், மூலையில் கிழியாமல், இன்னும் மெத்தென்று இருந்தால் மட்டும். வண்டியை நிழலில் நிறுத்துங்க. சுற்றிலும் நல்ல தண்ணியில் கழுவுங்க. 'நல்ல தண்ணி' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கு. இந்தக் கரையில் பல போர்வெல்லில் வருவதே உப்புத் தண்ணிதான். கடைசி அலசலுக்காவது குடிக்கிற கேன் தண்ணியை எடுங்க.

பிறகு ரப்பரின் உதட்டை மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் கார்டால் மெல்லத் தூக்கி, உள்ளேயிருக்கிற மண், பழைய பசை எல்லாம் துடைங்க. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். கண்ணாடியின் விளிம்புதான் அதன் பலவீனமான இடம், ஒரு கீறல் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெயில் துடைத்தால் ரப்பர் ஊதிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். அடுத்ததுதான் எல்லாரும் அவசரப்படுகிற இடம்: காய விடுவது. ஒரு பகல் முழுக்க விடுங்க. ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் காட்டலாம்.

காய்ந்த பிறகு, இறுகாத வகை கறுப்பு விண்ட்ஸ்க்ரீன் சீலர். பியூட்டைல் வகையைக் கேட்டு வாங்குங்க. மெல்லிய முனையை உதட்டுக்கு அடியில் விட்டு, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு வரி, ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு வரி. பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள். தண்ணி இரண்டாவது வழியாக வந்துகொண்டே இருக்கும். நடுப்பட்டை சுருங்கி முனை விலகியிருந்தால் புதுசு போடுங்க, அளவைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டி நெருக்கிச் செருகினால் மறுபடி இடைவெளி விழாது. ட்யூபில் போட்டிருக்கிற நேரம் முடிந்ததும் மறுபடி ஹோஸ் டெஸ்ட்.

உள்ளே துரு தெரிந்தால் வேலை அங்கேயே நிற்கணும். கண்ணாடியை இறக்கி, துருவைச் சுரண்டி, பிரைமர், பெயின்ட் அடித்துவிட்டுத்தான் ரப்பர்.

ஒட்டின கண்ணாடியா? கை வைக்காதீங்க

வண்டியின் கட்டமைப்பு பலத்தில் ஒட்டின கண்ணாடிக்கும் பங்கு உண்டு. சில வண்டிகளில் பயணிப் பக்க ஏர்பேக் விரியும்போது சாய்வதே அந்தக் கண்ணாடி மேலேதான். இதுக்கு ஆள் வேணும். பாலியூரித்தேன் காற்றின் ஈரப்பதத்தில்தான் இறுகும், அந்த விஷயத்தில் தூத்துக்குடிக் காற்று நமக்கு நண்பன். ஆனா ஒட்டுற விளிம்பில் உப்புப் படலம் இருந்தால் பிடிப்பே இருக்காது. எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்று பசைக்குப் பசை மாறும், கேட்டுக்கோங்க. அதுவரை ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்க. கதவைப் படாரென்று சாத்தினால் உள்ளே அழுந்துகிற காற்று, ஈரப் பசையைத் தள்ளிவிடும்.

எந்த வகையாக இருந்தாலும், உள்ளிருந்து உள்ளங்கையால் மெதுவாக அழுத்தும்போது கண்ணாடியே நகர்கிறது என்றால் அந்த வண்டியை ஓட்டாதீங்க.

மழை நடுவில் மாட்டிக்கிட்டா?

2023 டிசம்பர் மழையில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது சுமார் 95 செ.மீ. அப்படி ஒரு மழைக்கு டேப் தாங்காது, பாதுகாப்பான மேட்டில் வண்டியை விட்டுவிட்டு நீங்கள் கட்டடத்துக்குள் போகணும். சாதாரண மழை என்றால், ஓரங்களைத் துடைத்துவிட்டு அகலமான டேப்பை ஒட்டுங்க. கீழேயிருந்து ஆரம்பித்து, மேல் டேப் கீழ் டேப்பின் மேல் ஏறும்படி, ஓடு வேய்கிற மாதிரி. டிரைவர் பார்வையை மறைக்கக் கூடாது. வாடைக்காலத்தில் நிறுத்தும்போது வண்டியின் முதுகை வடகிழக்குக்குக் காட்டினால் சாரல் கண்ணாடியில் அறையாது. முன்சீட்டுக்கு அடியில் இன்வெர்ட்டரோ பேட்டரியோ இருந்தால் அதற்குத்தான் முதல் கவனம்.

இன்ஷூரன்ஸை நம்பி இருக்காதீங்க. ஃபுல் பாலிசியிலும் தேய்மானத்துக்குப் பணம் வராது.

கடைக்குப் போறதா முடிவு பண்ணினால், இந்த ஊர்ல ஒரு வசதி உண்டு. துறைமுகத்துக்கு ஓடுற லாரிகளுக்கு வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைகளுக்கு ரப்பர் பீடிங் புதுசே இல்லை. பழைய ரப்பரில் ஒரு துண்டை கையோடு கொண்டுபோங்க, அதே குறுக்குவெட்டில் பொருத்திப் பார்த்து வாங்கலாம். வேலை ஆரம்பிக்கும் முன்னாடி ஒன்றே ஒன்று சொல்லிடுங்க: "அண்ணே, ரப்பரைக் கழட்டினதும் இரும்பை எனக்குக் காட்டிட்டுத்தான் புதுசு மாட்டணும்." அந்த நேரத்துல போனை எடுத்து, நாலு மூலையையும் ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.