965 என்றொரு கணக்கு எண்

1907-இல் லண்டன் டியூக் தெருவில் ஆல்ஃபிரட் டன்ஹில் புகையிலைக் கடை திறந்தார். அவரவர் ருசிக்கேற்ப இலைகளைக் கலந்து கொடுத்து, அந்தக் கலவையை எண் போட்டு நோட்டில் பதிந்து வைப்பது கடையின் வழக்கம். வங்கியில் பேரேடு எழுதியே காலம் தள்ளிய எனக்கு இந்தப் பழக்கம் ரொம்பப் பிடித்திருக்கிறது. (புகை பகைதான், நான் சொல்ல வந்தது கணக்குக் கதை.) யாரோ ஒருவரின் கணக்கு எண்ணான 965, பிறகு டப்பாவில் ஏறி உலகம் சுற்றியது.

ஆனால் தயாரிப்பு லண்டனிலேயே நிற்கவில்லை. முதலில் பெல்ஃபாஸ்டுக்கும், பிறகு டென்மார்க்குக்கும் போனது. 2018-இல் டன்ஹில் பெயரில் சுங்கான் புகையிலையே கிடையாது என்றாயிற்று. பழகியவர்கள் கிடைத்த டப்பாக்களை எல்லாம் வாங்கி அடுக்கினார்கள். மூடி பிரிக்காவிட்டால் பல வருடம் கெடாதே! 2019-இல் பீட்டர்சன் என்ற பெயரில் அதே 965 திரும்பி வந்தது. அதே ருசியா, இல்லையா என்று ஒரே வாக்குவாதம்.

இதில் வேடிக்கை, 2018-இல் அவர்கள் அசல் என்று பதுக்கிய டப்பா டென்மார்க் சரக்கு. லண்டன் சரக்கில் பழகிய பழைய ஆட்கள் அதையே அசலென்று ஒப்புக்கொண்டதில்லை.