தற்காப்புத் துப்பாக்கி: தெரிவுக்கு முன் தெளிவு

காரைதீவும் மாளிகைக்காடும் சாய்ந்தமருதும் வேலியோடு வேலி சேர்ந்த ஊர்கள். இங்கு தற்காப்புக்கு உகந்த துப்பாக்கி எதுவென வினவுவோர் இரண்டு விடயங்களை முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, சட்டம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாகும். அப்பத்திரமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024இன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு பணித்தது. ஆகவே, அனுமதி என்பது நிலையான உரிமையன்று.

இரண்டாவது, ரவையின் இயல்பு. 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியின் உலோக உறையிட்ட ரவை, பலகைக் கதவைத் துளைத்து அப்பாலும் செல்லவல்லது. முனை குழிந்த ரவை உடலிற் பட்டதும் விரிந்து வேகம் குன்றும். இலக்குத் தவறினாலோ அதுவும் அயல் வீட்டையே சேரும். வேட்டைத் துப்பாக்கியின் ஈயக் குண்டுகள் தூரம் கூடக் கூடப் பரந்து சிதறும்.

நெருங்கி வாழும் எமக்கு, ரவையின் பருமனைவிட அது சென்றடையும் இடமே முக்கியம். போர்க்காலத்தில் வெடியோசை கேட்டு வளர்ந்த நாம் இதனை மறத்தலாகாது. நள்ளிரவில் ஓசை கேட்டால், விளக்கை ஏற்றி அயலவரை அழைப்பதே முதற் காவல்.