யாழ்ப்பாணத்து மனைகளிற் பணியாளரும் களவுப் பழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய நாற்சார் வீடு, யார் எதுவரை வரலாம் என்பதைத் தன் அமைப்பாலேயே உணர்த்தியதாகும். திண்ணை, நடுமுற்றம், நெல்லும் நகையும் இருந்த அறை, பின்புறத்துக் குசினி ஆகிய ஒவ்வோர் எல்லையும் சாதியாலும் உறவாலும் வரையறுக்கப்பட்டிருந்தது. பள்ளரும் நளவரும் வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். கோவியரோ உள்ளே சென்று பணிசெய்யும் உரிமை பெற்றிருந்தனர். மங்கல அமங்கலச் சடங்குகளிலும் அவர்கள் இன்றியமையாதவராய் விளங்கினர். பொருள் இருக்கும் இடத்தை வீட்டாருக்கு அடுத்தபடியாக அறிந்தவர் உள்வீட்டுப் பணியாளரே. எனவே, பொருளொன்று காணாமற் போனவிடத்து ஐயம் முதலிற் சென்று படிந்ததும் அவர்மீதேயாம். இத்தகைய களவைச் சட்டமும் வழக்கமும் எவ்வாறு கையாண்டன என்பது, குடாநாட்டின் சமூக வரலாற்றிற் போதிய கவனம் பெறாத ஒரு வினாவாகும்.

தேசவழமையிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் ஜோன் சிமோன்ஸின் கட்டளைப்படி யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அதனைத் தொகுத்தார். அது தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதில் அடிமைகளுக்கெனத் தனிப்பகுதி ஒன்று உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகிய நால்வகையினரும் அடிமைகளாக அங்குக் குறிக்கப்படுகின்றனர். அடிமைத் தாயின் பிள்ளை தாயின் உடைமையாளருக்கே உரியது என்பது விதி. நாட்டு அடிமைகளுடன் கடல்கடந்து வந்தோரும் இருந்தனர். 1694 முதல் 1696 வரையிலான ஈராண்டுகளில் 3,589 அடிமைகள் அக்கரையிலிருந்து கொண்டுவரப்பட்டனரென யாழ்ப்பாணத் தளபதி சுவார்டக்குறூன் 1697இல் எழுதிய குறிப்பு கூறுகின்றது. அக்கரையிற் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது.

அடிமை எசமானின் பொருளைத் திருடினால் அது எவ்வகைக் குற்றம்? ஒல்லாந்தச் சட்ட அறிஞர் பயின்ற உரோமச் சட்டம் இவ்வினாவிற்கு விந்தையானதொரு விடை வைத்திருந்தது. அடிமையின் செயல் களவுதான்; ஆயினும் அவன்மீது எசமான் களவு வழக்குத் தொடர முடியாது. ஓர் உடைமை மற்றோர் உடைமையை எடுத்ததற்கு வழக்கு ஏது? தண்டிக்கும் அதிகாரம் எசமானின் கையிலேயே இருந்தமையால் மன்று வேண்டப்படவில்லை. வீடே மன்றாகவும் எசமானே நீதிபதியாகவும் அமைந்த நிலை இது.

பிரித்தானியர் 1821இல் அடிமைப் பெண்குழந்தைகளைப் பிறப்பிலேயே விலைகொடுத்து மீட்கும் ஏற்பாட்டைச் செய்தனர். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடிமை முறையை முற்றாக ஒழித்தது. ஆயினும், விடுதலை பெற்றோருட் பலருக்கு நிலமும் இல்லை, வேறு தொழிலும் இல்லை. அதே குசினி, அதே கிணற்றடி. பெயர் மட்டும் 'வேலைக்காரர்' என மாறியது. எசமானின் கையிலிருந்து நழுவிய தண்டனை அதிகாரத்தை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டமை, அடுத்து வந்த சட்டங்களின் வரிசையிலே புலனாகின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், வேலை ஒப்பந்தத்தை மீறிய பணியாளரைச் சிறைக்கு அனுப்ப முடிந்தது. 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் வீட்டுப் பணியாளர் தம்மைப் பதிவு செய்ய வேண்டுமென்றது.

இவற்றின் பின்னர் 1883இல் வந்தது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை. மெக்காலே முதல் வரைவு செய்த 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றியது அது. சாதாரணக் களவுக்கு மூன்றாண்டு வரையான சிறை. எசமானின் வசமுள்ள பொருளைப் பணியாள் திருடினால் ஏழாண்டு வரை. நம்பிக்கை இங்கே குற்றத்தைப் பெருக்கும் காரணியாகின்றது.

இந்தியச் சட்டம் களவு என்பதை விளக்கத் தந்த எடுத்துக்காட்டுகளில் இரண்டு ஊன்றி நோக்கத்தக்கன. வெள்ளிப் பாத்திரங்களைக் காக்கும் பொறுப்பிலிருந்த வேலைக்காரன் அவற்றுடன் ஓடிவிட்டால் அது களவு. பயணம் போகும் ஒருவர் அதே பாத்திரங்களைப் பண்டகசாலைக்காரரிடம் ஒப்படைக்க, அவர் விற்றுவிட்டால் அது களவன்று, நம்பிக்கைத் துரோகமாகலாம். வேறுபாடு யாது? பண்டகசாலைக்காரர் பொருளைத் தம் வசத்தில் வைத்திருக்கிறார். வேலைக்காரன் கையிலிருக்கும் பொருளோ எசமானின் வசத்திலேயே இருப்பதாகச் சட்டம் கொள்கின்றது. அவன் கை எசமானின் கையின் நீட்சி! அடிமை முறை ஒழிந்து நாற்பதாண்டு நெருங்கும் வேளையில் உரோமச் சட்டத்தின் நிழல் இவ்வாறு இலங்கைச் சட்டத்துட் புகுந்தமை வியப்புக்குரியது.

எனினும், ஏட்டிலிருந்த இச்சட்டத்தை எல்லா வீட்டாரும் நாடினரெனக் கொள்ளலாகாது. மன்றுக்குச் சென்றால் வீட்டிலிருந்த நகை எவ்வளவு, அடைவில் இருப்பது எவ்வளவு என்பன ஊரறிய வெளிப்படும். ஆகவே விதானையாரின் விசாரணை, வெற்றிலையில் மைபோட்டுப் பார்த்தல், கோயில் முன்றிற் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வித்தல் முதலிய வழிகளும் கையாளப்பட்டன. இவற்றுட் சத்தியம், பழிசுமத்தப்பட்டவருக்குத் தன்னை விடுவித்துக்கொள்ளும் வாய்ப்பை அளித்தது என்பது உண்மையே. ஆனால் ஆலயப் பிரவேசம் மறுக்கப்பட்டிருந்தோர் மதிலுக்கு வெளியே நின்றே அதனைச் செய்யவேண்டியவராயினர். மாவிட்டபுரத்தில் 1968இல் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை எண்ணின், இத்தடை எத்துணை அண்மைக்காலம் வரை நீடித்தது என்பது தெளிவாகும்.

இருபதாம் நூற்றாண்டில் மலையகத் தோட்டங்களிலிருந்து சிறுவர் சிறுமியர் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வேலைக்கு வந்தனர். பலரின் சம்பளம் அவர்கள் கைக்கு வரவேயில்லை. பெற்றாரிடம் கொடுக்கப்பட்டது, அல்லது 'பிறகு தரலாம்' என வீட்டாரிடமே தங்கியது. அந்தச் சிறுமியும் ஒருவரை நம்பித்தான் தன் பொருளை விட்டுவைத்தாள். காப்பொன்று காணாமற் போயின் அவளைத் தேடி வரச் சட்டமொன்று இருந்தது. தங்கிய சம்பளத்துக்கோ கணக்குப் புத்தகம் கூட இருப்பதில்லை. களவுப் பழியோடு வெளியேற்றப்பட்டவள் அதனைக் கேட்கவும் துணியாள். ஊழியருக்கெனச் செய்யப்பட்ட சட்டங்களும் அவளுக்கு உதவவில்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இயற்றப்பட்டபோதும், தனியார் வீடுகளிற் பணிபுரிவோர் புறத்தே விடப்பட்டனர்.