கியரில் நிற்கும் கார் ஸ்ரார்ட் ஆகாமைக்குக் காரணம் என்ன? ஓட்டோ கியர் சுவிட்சின் மின்கோளாறுகள்

ஓட்டோ கியர் கார் வடக்கு, கிழக்கில் பலருக்கு வசதி மட்டுமல்ல. கிளச் மிதி இல்லாத காரை வலது காலால் மட்டுமே ஓட்டலாம் என்பதால், போரில் இடது காலை இழந்தவர்களுக்கு அது நடமாட்டத்தின் வழி. அந்தக் கார் ஒருநாள் சாவியைத் திருப்பியும் சத்தமே இல்லாமல் நின்றால், "கியர் பெட்டி போய்விட்டது" என்ற பேச்சே முதலில் வருகிறது. கியர் பெட்டியை இறக்குவது பெருஞ்செலவு. ஆனால் கோளாறு பல வேளைகளில் அப்பெட்டியின் பக்கத்தில் இரண்டு ஆணிகளால் பூட்டப்பட்டிருக்கும் ஒரு சிறிய சுவிட்சில்தான் இருக்கும்.

நியூட்ரல் சுவிட்ச் என்று கராச்களில் அழைக்கப்படும் இது, கியர் தடி எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காருக்குச் சொல்கிறது. ரொயோட்டா கொரொலா 121 போன்ற கார்களில், சாவியைத் திருப்பும்போது ஸ்ராட்டர் ரிலேக்குப் போகும் மின்சாரம் இதனூடாகவே செல்கிறது. தடி பி அல்லது என் நிலையில் இருந்தால் மட்டுமே பாதை மூடும். ரிவேர்ஸ் விளக்கை எரியவைப்பதும், டாஷ்போர்ட்டில் கியர் எழுத்தைக் காட்டுவதும், கியர் மாற்றும் கணினிக்குத் தகவல் கொடுப்பதும் இதே சுவிட்ச்தான்.

இதனால் அறிகுறிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். பி நிலையில் ஸ்ரார்ட் ஆகாத கார் என் நிலையில் ஆகும். ரிவேர்ஸ் விளக்கு ஒருநாள் எரியும், மறுநாள் எரியாது. டி நிலையில் ஓடும்போது டாஷ்போர்ட்டில் எழுத்து மறையும், கார் கியர் மாறாமல் இழுக்கும். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் சந்தேகம் சுவிட்ச் மேல் விழ வேண்டும். ஸ்கானர் பூட்டினால் பி0705 என்ற குறியீடு வரக்கூடும். அது சுவிட்சின் மின்சுற்றில் பிழை என்கிறதே தவிர, சுவிட்சையே மாற்றச் சொல்லவில்லை. வயரை எலி கடித்திருந்தாலும் அதே குறியீடுதான் வரும்.

சோதனைக்கு முன் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஹான்ட் பிறேக்கை இழுத்து, பிறேக்கை மிதித்திருக்க வேண்டும். காரின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பழுதான சுவிட்ச் டி நிலையிலும் ஸ்ராட்டரைச் சுற்றவிடலாம். கார் பாய்ந்துவிடும்.

முதலில் பற்றரி. முழுதாகச் சார்ஜ் ஆன பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். சாவியைத் திருப்பும்போது விளக்குகள் மங்கி, ஸ்ராட்டரில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் சுவிட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது. பற்றரியை, அதன் முனைகளை அல்லது ஸ்ராட்டரைப் பார்க்க வேண்டும். சத்தமே இல்லாமல், விளக்குகளும் மங்காமல் இருந்தால்தான் சுவிட்சின் பக்கம் வர வேண்டும்.

அப்போது சாவியை ஸ்ரார்ட் நிலையில் பிடித்தபடி தடியை பி நிலையிலேயே மெல்ல ஆட்டிப் பாருங்கள். பிறகு என் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். ஆட்டும்போது ஸ்ராட்டர் சுற்றினால், உள்ளே செப்புத் தகடு தேய்ந்திருக்கிறது அல்லது கியர் கேபிள் இளகி சுவிட்ச் இடம் விலகியிருக்கிறது. இரண்டாவதற்குப் புதிய சாமான் தேவையில்லை.

அடுத்து பிளக். சுவிட்ச் பெரும்பாலும் பற்றரி அல்லது எயார் கிளீனர் பெட்டிக்குக் கீழே இருக்கும். பற்றரியின் மறை முனையைக் கழற்றியபின் பிளக்கை இழுத்துப் பாருங்கள். கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்றும், வெள்ளத்தில் ஓடிய கார்களில் தண்ணீரும் செப்பைப் பச்சை பூக்க வைத்திருக்கும். கொன்ராக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தாலே பாதிக் கோளாறுகள் தீரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மேற்பூச்சு போனால் மறுபடி விரைவில் பச்சை பூக்கும்.

பிளக் சுத்தமாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் மல்ரிமீற்றரை ஓமில் வைத்து, சுவிட்சின் ஸ்ராட்டர் முனைகள் இரண்டையும் அளக்க வேண்டும். முனைகள் எவை என்பதை அந்த மாதிரிக்கான வயரிங் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊகித்து அளந்தால் பயனில்லை. பி, என் நிலைகளில் கிட்டத்தட்ட பூச்சியம் ஓம் வர வேண்டும். ஆர், டி நிலைகளில் தொடர்பே இருக்கக் கூடாது. சுவிட்ச் சரியாக அளந்தும் கார் ஸ்ரார்ட் ஆகாவிட்டால், பிளக்கையும் பற்றரியையும் மீண்டும் பூட்டி, ஒருவர் சாவியை ஸ்ரார்ட்டில் பிடிக்க, உள்வரும் வயரில் பற்றரி வோல்ட் வருகிறதா என்று பார்க்கலாம். வராவிட்டால் பியூஸ், சாவிச் சுவிட்ச், பிறகு பொருத்திய அலாரம் ஆகியவற்றில் தேட வேண்டும். மலிவான அலாரம் பூட்டும்போது இந்த வயரைத்தான் வெட்டி இணைப்பார்கள்.

இடம் விலகிய சுவிட்சைச் சரிசெய்ய, கியர் பெட்டியின் தண்டை பி நிலை வரை தள்ளி, அங்கிருந்து இரண்டு படி திருப்பி என் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆணிகளை இளக்கி, சுவிட்சிலுள்ள கோட்டை தண்டின் பள்ளத்துடன் நேராக்கி இறுக்க வேண்டும். ரொயோட்டா மாதிரிகளில் இதுதான் முறை.

சில கராச்களில் சுவிட்சின் இரு வயர்களை நேரே முறுக்கிக் காரை ஓடவிடுவார்கள். ஸ்ரார்ட் ஆகும், உண்மைதான். ஆனால் எந்தக் கியரிலும் ஸ்ரார்ட் ஆகும். பழைய கார் வாங்குபவர்கள் பிறேக்கை இறுக்கி மிதித்து, முன்னால் யாருமில்லாத இடத்தில், டி நிலையில் வைத்துச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஸ்ராட்டர் சுற்றினால் பேரத்தை நிறுத்திவிட்டு வயரைக் காட்டச் சொல்லுங்கள்.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களுக்கு இந்தச் சோதனைகள் பொருந்தாது. அவற்றில் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது.