பார்க்காமல் சொன்ன தீர்ப்பு

வத்திராயிருப்பிலிருந்து கூமாப்பட்டி வழியாக மலையடிவாரத்தை நோக்கிப் போனால் பிளவக்கல் வரும். பெரியாறு, கோவிலாறு என்னும் இரு காட்டாறுகளை மறித்து 1970-களில் அங்கே இரண்டு அணைகள் எழுப்பினார்கள். வயலுக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டிய அணைகள். வேடிக்கை பார்க்கக் கட்டியவை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு வெளியே அந்தப் பெயரை அறிந்தவர்கள் சொற்பம். 2025 ஜூன் மாதத்தில் அந்த நிலை மாறிற்று. கூமாப்பட்டி இளைஞர் ஒருவர், தம் ஊர்த் தண்ணீரையும் தோப்பையும் வானளாவப் புகழ்ந்து, எல்லாரையும் வரச் சொல்லிக் கைபேசியில் குறும்படங்களாக வெளியிட்டார். தமிழ்நாடே பார்த்துச் சிரித்தது. சிரித்ததோடு நிற்காமல் புறப்பட்டும் வந்தது. அணைக்குள் போகவோ குளிக்கவோ அனுமதி இல்லை என்று அதிகாரிகள் அறிவிக்க, ஆசையோடு வந்தவர்கள் பலர் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

இதைப் பற்றி இரண்டு விதமான அபிப்பிராயங்கள் என் காதில் விழுந்தன. 'பேர் தெரியாத ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தான்' என்றார்கள் சிலர். 'வேலை வெட்டி இல்லாதவன் ஆடுகிறான். அவனைவிட வேலை வெட்டி இல்லாதவன் பார்க்கிறான். நாடு உருப்படுமா?' என்றார்கள் வேறு சிலர். இப்படிச் சொன்னவர்களில் பலர் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அல்லர். பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள்.

எனக்கு இந்த இரண்டாவது தீர்ப்பில்தான் அக்கறை. அது புதிய தீர்ப்பு அன்று. கைபேசிக்கு முன் தொலைக்காட்சியைப் பற்றியும், அதற்கு முன் சினிமாவைப் பற்றியும், அதற்கும் முன் நாடகக் கொட்டகையைப் பற்றியும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்லப்பட்டது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் மாறுகிறான். தீர்ப்பு மட்டும் முன்பே எழுதி வைத்ததாக இருக்கிறது. அந்தத் தீர்ப்பின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேளிக்கையை ஒழுக்கத்தின் தராசில் நிறுக்கவே கூடாது என்ற கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். கதை எழுதிப் பிழைக்கிறவன் அப்படிச் சொன்னால், அவன் தன் தொழிலையே அவமதித்தவன் ஆவான். மனிதனைத் திருத்தும் வலிமை கதைக்கு உண்டென்றால் கெடுக்கும் வலிமையும் உண்டுதானே? ஆகவே தராசு வேண்டும். நம் பெரியவர்கள் அதன் தட்டில் எதை வைத்து நிறுத்தார்கள் என்பதே என் கேள்வி.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. கூம்பு போன்ற குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் வந்து நின்று, பாசுரத்தை இசையோடு பாடி, அதன் பொருளை அபிநயித்துக் காட்டுவார். பாட்டும் தாளமும் அபிநயமும் சேர்ந்தால் அதற்குக் கூத்து என்றுதான் பெயர். ஆனால், கோயிலுக்குள்ளே அபிநயித்தவரை வணங்கிய அதே ஜனங்கள், வெளியே விடிய விடிய வள்ளி திருமணம் நடித்தவனைக் 'கூத்தாடி' என்று ஏசினார்கள். தொழிற்பெயர் வசைச்சொல் ஆயிற்று. அவனுக்குக் குடியிருக்க வீடு கொடுக்க மாட்டார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அவன் பாட்டைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். ஆடியவன் யார், எங்கே நின்று ஆடினான் என்பதைப் பார்த்தார்களே ஒழிய, என்ன ஆடினான் என்பதைப் பார்த்தவர்கள் குறைவு.

நாடகக்காரர்களிடம் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. தமிழ் நாடக உலகின் ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளே (1867–1922) பெரிய நடிகர்களின் கட்டுப்பாடின்மையைக் கண்டு சலித்துச் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தத் தலைப்பட்டவர். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அதுவும் ஒழுக்க விசாரணைதான். ஆனால் அவர் தொழிலை நேசித்துக்கொண்டே அதன் அழுக்கைக் கழுவ முயன்றார். அந்த உரிமை அவருக்கு இருந்தது.

வெளியிலிருந்து வந்த விசாரணை வேறு மாதிரியானது. 1876-இல் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. அவதூறான நாடகத்தையும், சர்க்காரின்மீது வெறுப்பை மூட்டும் நாடகத்தையும், பார்ப்பவர் மனத்தைக் கெடுக்கும் நாடகத்தையும் ஒன்றுபோலத் தடுக்க அதில் இடம் வைத்திருந்தார்கள். ராஜத்துரோகத்தையும் ஆபாசத்தையும் ஒரே கயிற்றில் கட்டிய சாமர்த்தியம் அது! தேசபக்தனும் ஆபாசக்காரனும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஜாதி ஆனார்கள்.

அந்தக் கயிறு யார் கழுத்தில் விழுந்தது என்று பார்க்க நாம் நெடுந்தூரம் போகவேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே சிவகாசி வரை போனால் போதும். விசுவநாததாஸ் 1886-இல் அங்கே பிறந்தார். வள்ளி தினைப்புனம் காக்கும் நாடகத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றி அவர் பாடுவார். மேடையில் பறப்பது கொக்கு. கேட்பவன் மனத்தில் பறப்பது வெள்ளைக்காரன். கொட்டகை அதிரும். போலீஸார் வேடத்தோடு வந்து கைது செய்வார்கள். சிறையிலிருந்து வெளியே வந்ததும் மறுபடியும் வேலன் வேடம். மறுபடியும் அதே கொக்கு.

அவருக்கு எதிரி சர்க்கார் மட்டும் அன்று. அவர் மருத்துவர் குலத்தில், அதாவது நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காரணத்துக்காகவே அவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று மறுத்த நடிகைகள் உண்டு. சமூகத்தால் ஒழுக்கமற்றவர்கள் என்று தள்ளிவைக்கப்பட்ட நாடகக்காரர்களே தங்களுக்குள் ஒருவரைத் தள்ளிவைத்தார்கள் என்றால், இந்த நோய் எவ்வளவு ஆழமானது! 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. 'கூத்தாடி' என்று ஏசிய எந்தக் கனவானுக்கு அப்படி ஒரு மரணம் வாய்த்தது?

துரைமார் போனபிறகும் கயிறு போகவில்லை. 1954-இல் சென்னை ராஜ்யம் தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டது. எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தைத் தடுப்பதே அதன் நோக்கம் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதவை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013-இல். 1876-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை ஏட்டிலிருந்து அடித்தது 2018-இல். நல்லொழுக்கத்தின் பெயரால் போட்ட பூட்டுகள் துருப்பிடித்தாலும் லேசில் திறப்பதில்லை.

நாடகம் நொடித்து சினிமா தலையெடுத்தபோது வழக்கு அங்கே மாற்றப்பட்டது. 1927 அக்டோபரில், சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் சினிமாவை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. வெளியே சொன்ன கவலை ஒழுக்கம். உள்ளே இருந்த கவலை வேறு. அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரர்கள் திருடுவதையும் முத்தமிடுவதையும் இந்தியர்கள் காசு கொடுத்துப் பார்க்கிறார்களே, ஆளும் ஜாதியின் கௌரவம் என்ன ஆவது என்ற கவலை! அமெரிக்கப் படங்களின் இடத்தில் பிரிட்டிஷ் படங்களைப் புகுத்தும் வியாபார ஆசையும் கூடவே இருந்தது. ரங்காச்சாரியாரும் மற்ற இந்திய உறுப்பினர்களும் அந்த ஆசைக்கு இணங்கவில்லை. இந்தியப் படத்தொழிலை வளர்க்க வழி சொன்னார்கள். வெள்ளைக்கார உறுப்பினர்கள் தனியே மறுப்பு எழுதினார்கள்.

அந்தக் குழு காந்தியடிகளிடமும் அபிப்பிராயம் கேட்டது. அந்த ஆண்டின் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தில் இராஜபாளையத்துக்கும் வந்து, அங்கே நடந்த கதர் வேலையைக் கண்டு சென்றவர் அவர். அவர் குழுவுக்கு எழுதிய பதில் சுருக்கமானது. தாம் சினிமாவுக்குப் போனதே இல்லை என்றார். ஆனால் போகாதவனுக்கும் அதனால் விளைந்த கேடு கண்கூடு, நன்மை உண்டானால் அது இனித்தான் நிரூபிக்கப்பட வேண்டும் என்றார்.

காந்தியடிகளிடம் எனக்குள்ள பக்தி குறைந்தது அன்று. ஆயினும் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது. அவருடைய சுயசரிதையை எடுத்துப் பாருங்கள். ஊர் ஊராகப் படம் காட்டிப் பிழைத்தவர்கள் காட்டிய படம் ஒன்றில், கண்ணிழந்த பெற்றோரைச் சிரவணன் காவடியில் சுமந்து செல்லும் காட்சியைக் கண்டு மனம் நெகிழ்ந்தார் சிறுவன் மோகன்தாஸ். நாடகக் கம்பெனி ஒன்று நடத்திய அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது என்று ஏங்கினார். தமக்குள்ளேயே அதைக் கணக்கற்ற தடவை நடித்துப் பார்த்தார். எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப்போல் இருக்கக்கூடாது என்ற கேள்வி இரவும் பகலும் அவரை வாட்டிற்று. சத்திய சோதனையின் முதல் விதையை ஊன்றியவர்களில், ஊர் ஊராகத் திரிந்த அந்தக் கூத்தாடிகளும் உண்டு. சினிமாவைப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்ன அதே மகாத்மாதான், பார்த்த நாடகம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு ஒப்பற்ற சாட்சியாகவும் நிற்கிறார்.

அவருடைய தொண்டர்கள் சிலர் இதைப் புரிந்துகொண்டார்கள் என்றே நினைக்கிறேன். இராஜபாளையத்துக்காரரும், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவருமான பி. எஸ். குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அங்கே எழுந்த ஸ்தாபனத்தின் பெயர் காந்தி கலை மன்றம். காந்தி என்ற சொல்லையும் கலை என்ற சொல்லையும் அடுத்தடுத்து வைக்க அவர் கூசவில்லை.

டில்லியில் இருந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 1952-இல் ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று ஆகாசவாணியில் அதைக் குறைத்துக் கடைசியில் இல்லாமலே செய்தார். ஜனங்கள் சாஸ்திரிய சங்கீதத்துக்குத் திரும்பினார்களா? இல்லை, இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதியைத் தொடங்கி, வாசலில் துரத்திய பாட்டைக் கொல்லைப்புறமாக அழைத்துவர வேண்டியதாயிற்று. 1954-இல் டில்லிப் பெண்கள் 13,000 பேர், சினிமா தங்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று கையெழுத்திட்டு நேருவிடம் மனுக் கொடுத்தார்கள். அந்தத் தாய்மார்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அவர்கள் பயம் உண்மையான பயம். அதற்கு டில்லியில் கிடைத்த மருந்து தணிக்கைக் கத்திரிக்கோல்.

அந்தக் கத்திரிக்கோல் எதை வெட்டிற்று? முத்தத்தை வெட்டிற்று, முந்தானை விலகியதை வெட்டிற்று. வேண்டாம் என்று விலகிப் போகும் பெண்ணைக் கதாநாயகன் தெருத் தெருவாகத் துரத்தி, இறுதியில் அவள் மனத்தை வெல்வதாக முடியும் கதையை வெட்டவில்லை. படித்த பெண்ணின் திமிரை ஒரே அறையில் அடக்கினான் என்று கொட்டகை கைதட்டியதே, அந்த அறையை வெட்டவில்லை. கறுத்தவளையும் பருத்தவளையும் திக்குவாயனையும் வைத்துப் பிழைத்த நகைச்சுவையை வெட்டவில்லை. இவையெல்லாம் குழந்தை குட்டிகளோடு பார்க்கத்தக்க நல்ல படங்கள் என்று சான்றிதழ் பெற்று நம் ஊர்க் கொட்டகைகளில் ஓடின. நாமும் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். ரவிக்கையின் அளவைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, கன்னத்தில் விழுந்த அறை தெரியவில்லை. ஒழுக்கம் பேசியவர்கள் அதிகமாகப் பேசினார்கள் என்பது என் குறை அன்று. பேசவேண்டிய இடத்தில் வாய் திறக்கவில்லை என்பதே.

ஆகவே என் தராசைச் சொல்லிவிடுகிறேன். நடித்தவனின் குலம் வேண்டாம்; பார்ப்பவன் உட்கார்ந்தது தரையா, நாற்காலியா என்ற கணக்கும் வேண்டாம். பார்த்துவிட்டு எழுந்து போகிறவன் வீட்டுக்கு என்ன எடுத்துப் போகிறான்? அடுத்த மனிதனை, அதிலும் தன்னைவிட எளிய மனிதனை, சற்று மதிப்போடு பார்க்கும் கண்ணை எடுத்துப் போகிறானா? அல்லது அவன்மேல் எறிய ஒரு கல்லை எடுத்துப் போகிறானா? இதை அறிவதற்கு ஒரு சிரமம் உண்டு. படத்தை முழுவதும் பார்க்கவேண்டும். பார்த்தவன் முகத்தையும் பார்க்கவேண்டும்.

பிளவக்கல் வழக்கையும் இப்படித்தான் விசாரிப்பேன். தன் ஊர்த் தண்ணீரை உலகத்தின் அதிசயம் என்று ஒருவன் சொல்வது மிகை, பாவம் அன்று. நம் தலபுராணங்கள் அதைத்தானே செய்தன? அந்த மலைக்காடு 2021 முதல் புலிகள் காப்பகம். பார்க்கப் போனவன் அங்கே புட்டியை உடைத்துப் போட்டுவிட்டு வந்தால் அது குற்றம். அதைக் கண்டிக்கக் கூச வேண்டாம். ஆனால் அந்தக் குற்றத்தை விட்டுவிட்டு, 'வேலையற்றவன் ஆடுகிறான்' என்று ஆளை ஏசினால், விசுவநாததாஸை ஏசிய வாய்க்கும் நம் வாய்க்கும் வித்தியாசம் இல்லை.

தீர்ப்பை மாற்றிக்கொள்வது அவமானம் என்று நினைப்பவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதையையே நினைவூட்டலாம். பெருமாளுக்குக் கட்டிய மாலையை மகள் சூடிப் பார்த்தாள் என்று அதைத் தீட்டாகக் கருதி ஒதுக்கினார் பெரியாழ்வார். அந்த மாலையே தமக்கு வேண்டும் என்று பெருமாள் சொன்னதாக ஐதிகம். ஆழ்வார் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். அதனால் அவர் பெருமை குறையவில்லை.