செய்தி மேசையில் இறந்த பொய்கள்

1958 மே மாத இனக்கலவரத்தின்போது பாணந்துறையில் ஒரு கதை பரவியது. மட்டக்களப்பில் படிப்பித்துக்கொண்டிருந்த அவ்வூர்ச் சிங்கள ஆசிரியை ஒருவரைத் தமிழர்கள் கொடூரமாகக் கொன்றுவிட்டார்கள் என்பதே அது. அப்படியோர் ஆசிரியை அங்கு பணியாற்றவேயில்லை என்பது பின்னர் தெரியவந்தது. அதற்குள் பாணந்துறைக் கோவிலின் பூசகர் உயிரோடு எரிக்கப்பட்டுவிட்டார். பத்திரிகையாளர் தார்ஸி வித்தாச்சி இதைத் தமது 'எமர்ஜென்சி 58' நூலில் எழுதியிருக்கிறார்; அந்நூல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது.

எனவே, வதந்தியை முகநூல்தான் பெற்றெடுத்தது என்று எவரேனும் சொன்னால் நான் உடன்படமாட்டேன். ஆனால் 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் நடந்ததை நினைக்கும்போது, மாறியது எது என்பது புரிகிறது. முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிஸார் கைப்பற்றினர் என்ற பொய் ஏற்கெனவே முகநூலில் உலவிக்கொண்டிருந்தது. அன்றிரவு முஸ்லிம் உணவகமொன்றில் உண்ணவந்த ஒருவரின் கறியில் ஏதோ கட்டி தென்பட்டது. கூட்டம் காசாளரைச் சூழ்ந்துகொண்டது. அவர் தமிழ் பேசுபவர். சிங்களம் சரியாகத் தெரியாது. மாத்திரை போட்டாயா என்ற கேள்வி விளங்காமலே, அச்சத்தில் ஆமென்று சொல்லிவிட்டார். அதைக் கைத்தொலைபேசியில் பதிந்து முகநூலில் ஏற்றினார்கள். கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது.

கட்டி வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிவித்தார். காணொளியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? சில நாட்களில் திகனையும் எரிந்தது. மார்ச் 6 அவசரகால நிலை. மறுநாள் முகநூல் முடக்கம். அந்த வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில்தான் வருத்தம் தெரிவித்தது.

எங்கள் காலத்தில் இப்படியொரு தகவலைப் பிரதேச நிருபர் தொலைபேசியில் சொன்னால், செய்தி ஆசிரியர் விடமாட்டார். பொலிஸ் நிலையத்தில் கேட்டீரா, அப்படியொரு மாத்திரை உண்டா என்று வைத்தியரிடம் விசாரித்தீரா என்பார். பல பொய்கள் அந்த மேசையிலேயே இறந்தன. எல்லாப் பொய்களும் இறந்தன என்று சொல்லமாட்டேன், நாங்களும் புனிதர்களல்லர்.

என்னைக் கலங்கவைத்தது 2019 மே 23. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களை மலடாக்கினார் என்று சிங்கள நாளிதழொன்று முதற்பக்கத்தில் அச்சிட்டது. ஓரிரு நாளில் குருநாகலில் ஒரு வைத்தியர் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியபீடம் இருந்தது, அச்சுக்குப் போகும்வரை நேரமும் இருந்தது. அந்த 4,000 பேரையும் எண்ணியது யார் என்று மட்டும் அங்கிருந்த எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.